ரோஜாத் தொட்டிகளில் ஊற்றிய ஆசிட்

என் வயதுக்காரர்களில் அந்தக் காலத்தில் ஓசூர் வழியாகப் பெங்களூர் போய்வந்தவர்கள் எங்கள் கடையைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தது நினைவில் இருக்காது. ஜூஜுவாடியில், அன்று மைசூர் மாநிலம் என்றிருந்த கர்நாடகத்தின் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் இடது பக்கம் ஒரு மாந்தோப்பு. அதன் முள்வேலியை ஒட்டி ரோஜாச் செடிகள் வரிசையாக நிற்கும். பெயர்ப்பலகை கிடையாது. கீற்றுப் பந்தல் ஒன்று, அதன் கீழே ஒரு கல், கல்லின்மேல் என் அம்மா. அவ்வளவுதான் கடை.

இப்போது அங்கே போய் நின்றால் எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரிவதில்லை. கம்பெனிச் சுவர்கள், மேம்பாலம், கன்டெய்னர் லாரிகள். நான் சொல்வது அந்தக் கம்பெனிகள் எதுவும் வராத அறுபதுகளின் கடைசி. அன்றைக்கு அந்த ரோட்டில் நின்று இளைப்பாறியவை லாரிகளும், ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் பங்களாக்காரர்களின் கார்களும்தான்.

தொட்டி என்றதும் நர்சரிகளில் அடுக்கியிருக்கும் தொட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களிடம் இருந்தவை தார் டப்பாக்கள், சூளையில் சரியாக வேகாததால் குயவர் ஒதுக்கிய பானைகள், வாய் உடைந்த தவலைகள், லாரி பேட்டரிகளின் கறுப்புப் பெட்டிகள். அந்தப் பெட்டிகள் ரப்பர் மாதிரி இருக்கும், கல் மாதிரி கனக்கும். இப்போது யாரிடம் கேட்டாலும் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்கிறார்கள். உள்ளே இருக்கும் தடுப்புகளை உளியால் தட்டி எடுத்துவிட்டு, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்புவோம். ரோஜாவுக்கு அது நன்றாகவே ஒத்துக்கொண்டது.

பேட்டரிப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் மாமா. அம்மாவின் தம்பி. எல்லையை ஒட்டியிருந்த ஒரு பேட்டரிக் கடையில் சார்ஜ் போடும் வேலை. அவருடைய வேட்டியிலும் சட்டையிலும் ஆசிட் தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கை நிறைய வெள்ளைத் தழும்பு. பழுதான எதையும் சும்மா விட்டுவிட்டு நகர முடியாத ஆள். சைக்கிள் பம்பு, தையல் மெஷின், அடுத்த வீட்டுக்காரனின் பல்வலி, எல்லாவற்றிலும் கை வைப்பார்.

அப்பா ஒரு லாரியில் கிளீனராகப் போனவர் திரும்பவில்லை. இறந்துவிட்டாரா, வேறு எங்காவது குடும்பம் நடத்தினாரா என்று இன்றுவரை தெரியாது. பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் மாமாவின் வாயில்தான் முடியும் என்பது தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அக்கா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு எங்கள் பக்கத்துப் பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்க ஓசூர் ஐஸ்கூலுக்குப் போக வேண்டும். அவள் பெரியவளானதிலிருந்தே மாமா அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஜனத்தில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது வழக்கம். யாரும் அதை விபரீதமாக நினைக்கவில்லை. கட்டாமல் விட்டால்தான் ஊர் பேசும். அவளுடைய வயதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. இன்று நினைக்கும்போது எனக்கு வாய் கசக்கிறது. அன்று எனக்குமே அது சாதாரணமாகத்தான் இருந்தது.

*

அந்த வருடம் மழை ஏமாற்றியது. நாங்கள் தண்ணீர் மொண்டு ஊற்றிய குட்டை காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. தோப்புக்காரர் ஆழமாகக் கிணறு வெட்டி ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ரோட்டோர இடமும் அவருடையதுதான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் வாடகை என்று எதையும் வாங்கியதில்லை. தோப்பு முகப்பில் பூச்செடி இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்பார்.

அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வாயில் வைத்தால் சப்பென்று வழுக்கும். அதில் துவரம்பருப்பு வேகவில்லை. எவ்வளவு நேரம் எரித்தாலும் பருப்பு பல்லில் நறநறத்தது. சுடுதண்ணீர் வைக்கும் பானையின் உட்புறம் வெள்ளையாகப் பக்கு கட்டியது. பருப்பை வேகவிடாத தண்ணீர் செடியையும் ஏதாவது செய்யும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் கொழுந்து வெளுத்தது. இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது, யாரோ பேனா வைத்துக் கோடு போட்டது மாதிரி. மொட்டுகள் பட்டாணி அளவில் நின்றுவிட்டன. அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும். எறும்புக்கும் அதுதான், பூச்சிக்கும் அதுதான், இலை வெளுப்புக்கும் அதுதான். ஒவ்வொரு தொட்டியிலும் தூவினாள். செடிகள் இன்னும் வெளுத்தன. மேலும் தூவினாள்.

ஒருநாள் சாயங்காலம் தோப்புக்காரர் வேலி ஓரமாக வந்து நின்று பார்த்தார்.

"ஏமம்மா, காமாலை புடிச்ச மாதிரி நிக்குதே எல்லாம்."

"தண்ணி பத்தலீங்க. தேறிடும்."

"தேறினா சந்தோசம். பஞ்சர் கடை போடறதுக்கு ஒருத்தன் எடம் கேக்கறான். நான் இன்னும் சரின்னு சொல்லல. தசராவுக்கு மைசூர் போற காருங்க வரும். நாலு வண்டி உன் கடையில நின்னுச்சுன்னா அவனத் திருப்பி அனுப்பிடறேன். நிக்கலன்னா நீ என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

அன்று மாமாவும் இருந்தார். தோப்புக்காரர் போன பிறகு அவர் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"எடமும் போச்சுன்னா ரெண்டு புள்ளைங்களையும் வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணுவ? அவள எங்கிட்ட குடுத்துட்டா உனக்கு ஒரு பாரம் கொறையும்."

 அக்கா பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமலே அம்மா சொன்னாள்: "தசரா வரைக்கும் பொறு. செடி தேறி, கடை நின்னுச்சுன்னா, அவ ஐஸ்கூல் போகட்டும். அவளுக்கும் ஆச இருக்குது. தேறலன்னா நீ கூட்டிக்கிட்டுப் போ."

இப்படித்தான் முடிவானது. ஒரு பெண்ணின் படிப்பை ரோஜாச் செடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அக்கா மறுநாள் ஒரு தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

*

சயின்ஸ் வாத்தியார் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவர் பேச்சு எங்களுக்குப் பாட்டு மாதிரி கேட்கும். மண்ணைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, "இது என்னட்டி, மண்ணுல சுண்ணாம்பு வாட அடிக்கி?" என்று கேட்டாராம். பிறகு ஒரு சின்னக் குப்பியில் லிட்மஸ் தாள்கள் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டார். சிவப்பு ஒரு கட்டு, நீலம் ஒரு கட்டு. மண்ணைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தாளை முக்கிப் பார்க்க வேண்டும். சிவப்புத் தாள் நீலமானால் மண்ணில் காரம். நீலத் தாள் சிவப்பானால் புளிப்பு. இன்றைக்கு இதையெல்லாம் பி.எச். என்று ஒரு நம்பரில் சொல்லிவிடுகிறார்கள். அன்று எங்களுக்குக் கிடைத்தது அந்த இரண்டு நிறம்தான்.

சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது? கிணற்றுத் தண்ணீரே சந்தேகத்தில் இருந்தது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை மாமா ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். இந்த விவகாரத்துக்குள் அவர் நுழைந்தது அப்படித்தான்.

அலுமினிய டம்ளரில் மண்ணைக் கரைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா சிவப்புத் தாளை நுனியில் பிடித்து முக்கினாள். நனைந்த இடம் மெல்ல மெல்ல நீலமானது.

"காரம்" என்றாள் அக்கா.

"காரமா? மொளகாத்தூள் கொட்டுனியாக்கா நீ?" என்றார் மாமா அம்மாவிடம்.

"அந்தக் காரம் இல்ல மாமா. சுண்ணாம்புக் காரம். புளிப்பு சேத்தா சரியாகும்னாரு வாத்தியார்."

அம்மா முதலில் புளி கரைத்து ஊற்றினாள். எறும்பு வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, செடிக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் மாமாதான் சொன்னார்: "புளிப்புதானே வேணும்? எங்கிட்ட இல்லாத புளிப்பா?"

அவருடைய பேட்டரிக் கடைக்கு ஆசிட் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் வரும். வைக்கோல் சுற்றி, மூங்கில் கூடைக்குள் உட்கார்த்தியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு சீசாவில் கொண்டுவந்தார். பக்கெட் தண்ணீரில் ஒரு மூடி அளந்து ஊற்றினார். "தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும். ஆசிட்டுல தண்ணிய ஊத்துனா மூஞ்சி போயிரும்" என்று என்னையும் அக்காவையும் தள்ளி நிற்கச் சொன்னார். ஊற்றியதும் மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி. தொட்டியில் விட்டபோது சுண்ணாம்பு இருந்த இடங்களில் மண் நுரைத்துச் சீறியது. அம்மா பயந்துபோய்ச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த இடத்தில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்த வைத்தியம் பலித்தது. சில வாரங்களில் கொழுந்து பச்சையாக வந்தது. பழைய இலைகள் அப்படியே இருந்தன, ஆனால் புதிதாக வந்ததெல்லாம் பளபளவென்று கருஞ்சிவப்பாகத் துளிர்த்துப் பச்சையானது. அம்மா கல்லில் உட்கார்ந்து பழையபடி பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். மொட்டு திரண்டது. அக்கா பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்ப்பாள். தசராவுக்கு இன்னும் நாள் இருந்தது.

*

மாமா வாரம் ஒருமுறை வந்து டம்ளர் சோதனை நடத்துவார். அவருக்கு அது பிடித்துப்போயிருந்தது. அக்காவின் பக்கத்தில் உட்காரலாம் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஒருநாள் அவள் சிவப்புத் தாளை முக்கினாள். சிவப்பாகவே இருந்தது. நீலத் தாளை முக்கினாள். நீலமாகவே இருந்தது.

மாமா தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாளு செத்துப்போச்சு."

"இல்ல மாமா. ரெண்டும் மாறலன்னா காரமும் இல்ல, புளிப்பும் இல்ல. சரியா இருக்குதுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? வாத்தியார் சொன்னாரா?"

அக்கா தயங்கினாள். வாத்தியார் அதைச் சொல்லவில்லை. காரம் என்றால் என்ன ஆகும், புளிப்பு என்றால் என்ன ஆகும் என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டுமே மாறாவிட்டால் என்ன என்று இவளும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் காலாண்டுப் பரீட்சை லீவு விட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார்.

"சொல்லல. ஆனா அப்படித்தான் இருக்கணும்."

மாமா சிரித்தார். அவரிடம் பேட்டரி மீட்டர் ஒன்று உண்டு. கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. ஆசிட்டை உறிஞ்சி எடுத்தால் மிதவை மேலே எழும்பி வரும். எழும்பினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. எழும்பாமல் அடியிலேயே கிடந்தால் பேட்டரி படுத்துவிட்டது. அந்த மீட்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எங்களுக்குக் காட்டினார்.

"பாத்துக்க. நல்லா இருக்கறது எதுவா இருந்தாலும் மீட்டர்ல காட்டும். ஒண்ணுமே காட்டலன்னா ஒண்ணு மீட்டர் போச்சு, இல்ல சரக்கு போச்சு. எதுவும் காட்டாம இருக்கறதுதான் நல்லதுன்னு சொன்னா எங்க மொதலாளி என்னைக் கடையிலயே சேக்க மாட்டாரு."

அம்மாவும் சிரித்துவிட்டாள். அக்காவின் முகம் சிறுத்துப்போனது. விடாமல் உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழ மூடியை எடுத்துவந்தாள். நீலத் தாளில் ஒரு சொட்டுப் பிழிந்தாள். தாள் சட்டென்று சிவந்தது.

"பாத்தீங்களா, தாளு சாகல. நல்லாத்தான் இருக்குது."

அவள் தாளைக் காப்பாற்றினாள். செடியைக் கோட்டைவிட்டது அங்கேதான். மாமா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"சரிதான். தாளு நல்லாத்தான் இருக்குது. அப்ப மண்ணுலதான் இன்னும் சத்து ஏறல. இந்த மாதிரி செவக்கற வரைக்கும் ஊத்தணும்."

"வேணாம் மாமா. போதும். கொழுந்து நல்லா வந்துக்கிட்டு இருக்குதில்ல."

"கொழுந்து எதால வந்துச்சு? ஆசிட்டாலதானே? கொஞ்சம் ஊத்துனதுக்கே இவ்ளோ வந்துச்சுன்னா, முழுசா ஏறிச்சுன்னா தசராவுக்கு எப்படிப் பூக்கும், நெனச்சுப் பாரு."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்ன செய்வாள்? இலை மஞ்சளாக இருந்தபோது அவளுடைய சாம்பல் தோற்றது, தம்பியின் ஆசிட் ஜெயித்தது. அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். "அவன் நல்லதுக்குத்தான் செய்வான், நீ சும்மா இரு கண்ணு" என்றாள்.

ஒரு மூடி இரண்டானது, பிறகு ஒரு டம்ளரானது. தாள் சிவக்கவில்லை. எரு நிறைந்த மண் அவ்வளவு சீக்கிரம் மாறாது என்று பிற்காலத்தில் தெரிந்துகொண்டேன். மாமா விடவில்லை. வேலை முடிந்து களைத்து வந்தாலும் ஒவ்வொரு தொட்டிக்கும் தன் கையாலேயே ஊற்றினார். அந்தச் சிரத்தையை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. அலட்சியமான ஆளாக இருந்திருந்தால் செடிகள் பிழைத்திருக்கும்.

கடைசியில் ஒருநாள் நீலத் தாள் சிவந்தது. முக்கியவுடனே சிவந்தது. மாமா எங்களுக்கு எல்லையிலிருந்து பொட்டுக்கடலை மிட்டாய் வாங்கிவந்து கொடுத்தார்.

*

இலையின் ஓரம் முதலில் பழுப்பானது. பிறகு நெருப்பில் காட்டியது போலச் சுருண்டது. திரண்டிருந்த மொட்டுகள் காம்பு கறுத்து, தலை தொங்கி, தொட்டால் உதிர்ந்தன. அம்மா கிணற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். அக்கா ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் நனைந்த சணல் மாதிரி கையோடு வந்தது. அதை அம்மாவிடம் காட்டாமல் பழையபடி ஊன்றி வைத்தாள்.

தசராவுக்குக் கார்கள் வந்தன. நிறையவே வந்தன. ஒன்று எங்கள் பந்தலுக்கு எதிரே நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "எல்லா ஒணகோகிதே" என்று கன்னடத்தில் சொன்னாள். எல்லாம் காய்ந்துபோய்விட்டது என்று. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒன்றும் நிற்கவில்லை.

தோப்புக்காரர் சத்தம் போடவில்லை. பந்தலைப் பிரிக்கத் தோப்பிலிருந்து இரண்டு ஆட்களை உதவிக்கு அனுப்பினார். பஞ்சர் கடைக்காரன் டயரை உருட்டிக்கொண்டு வந்து வேலி ஓரமாக நின்றான்.

மாமா அந்த நாட்களில் வாயே திறக்கவில்லை. அம்மாதான் பேசினாள். "அந்தத் தாளக் கொண்டுவந்து முக்குனதிலிருந்துதான் கெட்டுது. பொட்டப்புள்ள படிச்ச படிப்பு" என்றாள். ஊற்றியது யார் என்பதை அவள் மறந்துவிடவில்லை. தம்பியைக் கோபிக்க அவளுக்கு வழியில்லை. அக்கா லிட்மஸ் குப்பியை வாத்தியாரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். அப்போதே அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. வாத்தியார் குப்பியை வாங்கிக்கொண்டு, "ஏன்டே, அவ வரலியா?" என்று கேட்டார். கல்யாணம் என்றேன். குப்பியை அலமாரியில் வைத்துவிட்டுப் பாடம் நடத்தப் போனார். செடி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

*

கல்யாணத்துக்குக் கெலமங்கலத்திலிருந்து பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா, மாமாவுக்கும் மூத்தவள். சடங்கு சம்பிரதாயமெல்லாம் அவள் பொறுப்பு. எங்கள் ஜனத்தில் முகூர்த்தத்துக்குச் சில நாட்கள் முன்னால் பாலிகை போடுவார்கள். மண்கிண்ணங்களில் மண் நிரப்பி, நவதானியம் விதைத்து, பெண் கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும். முளை எவ்வளவு உயரம் வருகிறதோ அவ்வளவு செழிப்பாகக் குடும்பம் இருக்கும் என்பது கணக்கு. புற்றுமண் கொண்டுவர வேண்டும். அன்றைக்கென்று மழை. வருடம் முழுக்க ஏமாற்றிய மழை அன்று பெய்தது. புற்று இருந்த இடத்துக்குப் போகும் பாதை சேறாகிவிட்டது.

"இங்கயே தொட்டி மண்ணு இருக்குதே, எருப் போட்ட மண்ணு, மாவு மாதிரி இருக்குது" என்றாள் பெரியம்மா. பட்டுப்போன ரோஜாக்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்ணைச் சலித்து மாமாவே கிண்ணங்களில் நிரப்பினார். சுமங்கலிகள் தானியம் தூவினார்கள். அக்கா தண்ணீர் தெளித்தாள். ஈரத்துணி போட்டு மூடி, இருட்டான மூலையில் வைத்தார்கள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் பெரியம்மா துணியை எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு முளைகூட இல்லை. பயறு ஊறி, தோல் வழன்று, அழுகல் நாற்றம் வந்தது. பெரியம்மா துணியை மறுபடி மூடினாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"பொண்ணு ராசி சரியில்ல. கை வெச்சது எதுவும் வெளங்காது போல. மொதல்ல கடை, இப்ப பாலிகை."

சொந்தமெல்லாம் வந்து இறங்கிவிட்டார்கள், அதனால் கல்யாணம் நின்றுவிடவில்லை. முளை வந்த பாலிகை ஒன்றைப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டிலிருந்து இரவல் வாங்கி வைத்தார்கள். ஆனால் ராசி இல்லாதவள் என்ற பெயர் அந்தக் காலையில் அக்காவின்மேல் ஒட்டியது, பிறகு உதிரவே இல்லை. மாமா வேலை பார்த்த கடை மூடியபோது அவள் ராசி. மாடு செத்தபோது அவள் ராசி. அம்மா கல் உடைக்கப் போய்க் கால் நசுங்கியபோது, படுத்த இடத்திலிருந்து அம்மாவே அதைச் சொன்னாள். உறவில் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பாலிகை போடுகிறார்கள் என்றால் அக்கா தானாகவே எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவாள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். இருக்கச் சொல்லவும் மாட்டார்கள்.

*

என் கதை இதில் முக்கியமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என்னையும் மாமாவுடன் பேட்டரிக் கடைக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டேன். ஹூப்ளி, பூனா, சூரத் என்று சுற்றினேன். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் ஒரு வருடம் தங்கியதில்லை. உடம்பு தளர்ந்த பிறகு இந்தப் பக்கமே திரும்பிவந்து, தளி ரோட்டில் பாலிதீன் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கும் ஒரு தோட்டத்தில் தண்ணீர் விடும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே மண்ணைச் சோதிக்க ஒரு பெண் வருவாள். படித்த பெண். பல நிறம் காட்டும் தாள் ஒன்று வைத்திருப்பாள். அதில் ஆறு, ஆறரை என்று வந்தால் ரோஜாவுக்குச் சரி என்பாள். நான் ஒருநாள் கேட்டேன்: "இந்தச் சரியான மண்ணுல பழைய லிட்மஸ் தாள் வெச்சா என்னம்மா காட்டும்?"

"சிவப்பு, நீலம், ரெண்டும் அப்படியே இருக்கும் தாத்தா. அதுல இதெல்லாம் தெரியாது."

குழாயை மூடிவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். அந்த வாரமே பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது. கையில் அந்த வெள்ளைத் தழும்புகள் மட்டும் அப்படியே. அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். 

"எனக்குத் தெரியும்டா."

"எப்பலருந்து?"

"செடி செத்தப்பத் தெரியல. உங்கம்மா கடைய நான் கெடுப்பனா? செவந்தா நல்லதுன்னுதான் ஊத்துனேன். பாலிகை மொளைக்கல பாரு, அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அந்த மண்ணக் கொஞ்சம் எடுத்து நாக்குல வெச்சுப் பாத்தேன். ஆசிட்டு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னா, கடைய அழிச்சதே நீதானேன்னு கேப்பா உங்கம்மா. பொண்ணக் குடுப்பாளா?"

"கல்யாணம் ஆனதுக்கு அப்பறம்?"

அவர் கைத் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும்தானே அவளை ராசியில்லாதவன்னு சொன்னீங்க? நானே கேட்டிருக்கேன்."

"எல்லாரும் சொல்றப்ப நான் மட்டும் சொல்லாம இருந்தா, ஏன்னு கேப்பாங்கள்ல" என்றார். பிறகு, வெயில் ஏறுகிறது, நாற்காலியை நிழலுக்குத் தள்ளு என்றார். தள்ளிப் போட்டேன். வேறு என்ன செய்வது?

அக்கா பின்கட்டில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் பற்றிச் சொன்னேன். மாமா சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ராசி என்ற பேச்சைப் பற்றி ஏதாவது சொல்வாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அந்த ரெண்டு தாளும் மாறாம இருந்துச்சே, அன்னிக்குச் செடி சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுக்கா."

"அப்படியே விட்டிருந்தா தசராவுக்குப் பூத்திருக்கும்."

"பூத்திருக்கும்."

கையிலிருந்த காயை முறத்தில் வைத்தாள்.

"அந்த ஐஸ்கூல் எந்தப் பக்கம்டா இருக்குது? நானும் எத்தினியோ வாட்டி ஓசூர் போயிருக்கறேன். ஒரு தடவையும் கேக்கல."

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மலைக்கோயில் தெரிகிற பக்கமாக நடந்தால், வலது கைப் பக்கம் பெரிய கேட்டு வரும் என்று சொன்னேன். கேட்டுக்கு உள்ளே மரம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.